சாக்கின் வாயில் கட்டிய கொடி

சங்கரன்கோவில் சந்தையில் கிழங்கு விற்கும் கனகலட்சுமி, எதையும் இரண்டு தரம் திருப்பிப் பார்க்காமல் தராசில் வைக்கமாட்டாள். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் தங்கச்சி கைக்குத் தப்பி ஒரு சொத்தைக் கிழங்கும் போகாது என்று, விசைத்தறியில் வேலை பார்க்கும் அண்ணன் மருதப்பன் போகிற இடமெல்லாம் சொல்லுவான்.

பொங்கலுக்கு முந்தின நாள். படைப்புக்குக் கிழங்கு வாங்கக் கூட்டம் நெரித்தது. கரிவலம்வந்தநல்லூர் பிச்சம்மாள் ஒரு சாக்கு வள்ளிக்கிழங்கோடு வந்து இறங்கினாள். கனகலட்சுமி ஒவ்வொன்றாகத் திருப்பி, மூன்றை மட்டும் தனியே வைத்தாள். வழவழவென்று, கலப்பை மாதிரி நடுவில் வளைந்திருந்தன. வள்ளிக்கு இருக்கும் வேர்முடி ஒன்றுகூட இல்லை.

“ஏட்டி, கெழங்கு வாங்குதியா, பொண்ணு பாக்க வந்திருக்கியா?” என்றாள் பிச்சம்மாள்.

கனகலட்சுமியின் கண் சாக்கின் வாய்க்குப் போனது. கயிறு கிடைக்காமல் வேலியில் காய்ந்து கிடந்த கொடியை அறுத்துக் கட்டியிருந்தாள் பிச்சம்மாள். இலை சருகாகியும் நுனிகள் சுருண்டு, கொக்கி போலச் சாக்கு இழையில் மாட்டியிருந்தன. வள்ளி இலை நுனி சுருளாது.

ஐப்பசி மழைக்கு அந்த வேலியில் என்ன பூத்தது என்று கேட்டாள். அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக, ஆறு இதழும் தீக்கொழுந்து மாதிரி மேலே மடங்கிய பூ என்று சொல்லும்போதே பிச்சம்மாளின் குரல் இறங்கிவிட்டது. செங்காந்தள். பூத்து நிற்கும்போது அவளும் கிட்டே போகமாட்டாள். பூ போனபின் மண்வெட்டிக்கு எல்லாம் ஒன்றுதான். தின்றால் உயிரை எடுக்கும் கண்வலிக்கிழங்கு வள்ளியோடு சேர்ந்து வந்துவிட்டது.

“வீட்டுல எடுத்து வச்சியளா, மதினி?”

வைத்திருந்தாள். மத்தியானத்துக்கு அவிக்கச் சொல்லி மருமகள் பூமாரியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். மணி பன்னிரண்டரை.

கனகலட்சுமி தன் போனிலிருந்தே கூப்பிட்டாள். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்த பூமாரி, வெள்ளையடிக்கிற மும்முரத்தில் அடுப்பே பற்றவைக்கவில்லை என்றும், அத்தையிடம் சொல்லிவிட வேண்டாம் என்றும் கெஞ்சினாள். ஸ்பீக்கரில் அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சோம்பேறிச் சிறுக்கி, நல்லா இருக்கட்டும்” என்று பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கனகலட்சுமி அந்தச் சாக்கிலிருந்து ஒரு கிழங்கைக்கூட விற்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தால், பிச்சம்மாள் கடைக் கிழங்கில் இரண்டு கிலோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் மூன்று தரம் திருப்பிப் பார்த்தாள்.

“என்ன மதினி, பொண்ணு பிடிச்சிருக்கா?” என்றாள் கனகலட்சுமி.