மூடுதுணி நழுவிய ஞாயிறு

நவம்பர் 9, ஞாயிறு. எழுந்ததும் தேநீர் போட்டேன், வாசலில் கிடந்த இலைகளைக் கூட்டிக் கடதாசிப் பைகளில் கட்டினேன், சட்டையை அயர்ன் பண்ணினேன். பிறகு திரைச்சீலைப் பையைக் காரில் ஏற்றும்படி மனைவியை அழைத்தேன். பை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் மெராரி, அவள் கேர்சோன்.

இதை விளக்க வேண்டும். எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் கூரை திருத்தப்படுவதால், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்து ஜிம்மில் தமிழ்ப் பூசை நடக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் எல்லாவற்றையும் கொண்டுபோய் அடுக்கி, முடிந்ததும் கழற்ற வேண்டும். விவிலிய வகுப்பில் ஃபாதர் எண்ணிக்கை நூலைப் படிப்பித்தார். பாலைவனத்தில் சந்திப்புக் கூடாரத்தைச் சுமந்த லேவியருள் மூன்று குலங்கள். கோகாத்தியர் திருப்பாத்திரங்களைத் தோளில் சுமப்பார்கள், கேர்சோனியர் திரைகளை, மெராரியர் தூண்களையும் சட்டங்களையும். அடுத்த கிழமையே பங்குச் சபைத் தலைவர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் வீடு விற்கும் ஏஜென்ற், யாழ்ப்பாண நகரத்தவர். ஆகவே யாழ்ப்பாணத்தார் கோகாத்து, மன்னார்க்காரர் கேர்சோன், யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளிலிருந்து வந்த தீவார் மெராரி. நான் தீவான். கதிரைகளும் ட்ரொலியும் எனக்கு.

உண்மையில் எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. முன்பு ஒரே கதிரையை நான்கு பேர் நான்கு இடத்தில் வைப்பார்கள். மைக் மட்டும் சிக்கலாக இருந்தது. பாடகர்களுக்குத் தாவீதின் காலத்தில்தான் பொறுப்பு வந்தது, அதனால் இப்போதைக்கு மைக் எந்தக் குலத்துக்கும் சேராது என்று தலைவர் தீர்ப்பளித்தார். மூன்று ஞாயிறு ஃபாதர் தொண்டை கிழியப் பிரசங்கித்தார்.

அன்றைய பூசை பக்கத்து நகரான அஜக்ஸிலிருந்து வரும் ஒரு அன்ரியின் இறந்த கணவருக்கான முப்பத்தோராம் நாள் பூசை. லண்டனிலிருந்து வந்திருந்த மகள் அன்று மாலையே திரும்புகிறாள். ஒரு மணிக்கு ஜிம்மைப் பட்மின்ரன்காரருக்கு விட வேண்டும். ஃபாதர் 401 நெடுஞ்சாலையில் ஒரு விபத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். "எல்லாத்தையும் ஆயத்தமா வையுங்கோ, வந்தவுடன தொடங்குவம்" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

கதிரைகளை அடுக்கிவிட்டு வெளியே வந்தேன். பார்க்கிங்கில் தலைவரும் மூன்று கோகாத்தியரும் அவருடைய காரின் திறந்த ட்ரங்கைப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே பாத்திரப் பெட்டி. போன கிழமை ஃபாதர் அதைத் துணியால் மூடி வைத்திருந்தார். வரும் வழியில் ஒரு திருப்பத்தில் துணி நழுவிவிட்டது.

"ஆரோனின்ர பிள்ளையள், எண்டால் குருமார், மூடின பிறகுதான் நாங்கள் தொடலாம்" என்றார் தலைவர்.

"துணியை எடுத்துத் திரும்பப் போடுங்கோவன், அண்ணை" என்றேன்.

"நான் ஆரோனே?"

"அப்ப ஃபாதரிட்டக் கேளுங்கோ."

"கார் ஓடுற மனுசனுக்கு நான் போன் எடுக்கமாட்டன். அது சட்டம்."

ஃபாதர் வந்து மூடி, இவர்கள் தோளில் சுமந்து, பீடம் அடுக்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். பூசையை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டது, கதவடியில் நின்ற அன்ரியின் காதில் விழுந்தது. கறுப்புக் கோட்டோடு நேரே ட்ரங்குக்கு வந்தார்.

"அன்ரி, தொடாதேங்கோ! தொட்டால் சாவெண்டு எழுதிக்கிடக்கு!" என்று கத்தினார் தலைவர்.

"நல்லதாப் போச்சு. என்ர மனுசனும் அங்க ஒரு மாசமாத் தனியத்தானே நிக்குது. விலகுங்கோ."

பெட்டியை இழுத்தெடுத்தார். பாரம். இரண்டடி வைத்ததும் தள்ளாடினார். நான் ட்ரொலியைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினேன்.

"கோகாத்தின்ர சாமான் வண்டியில ஏறாது!" என்றார் தலைவர்.

"கோகாத்து தூக்கினால்தான் தோளிலை, அண்ணை. அன்ரி மன்னார். கேர்சோனுக்கு ரெண்டு வண்டி குடுத்ததெண்டு அதே புத்தகத்திலதான் கிடக்கு."

தலைவர் யோசித்தார். அவர் நேர்மையானவர். "ஓம், ரெண்டு வண்டி, நாலு மாடு" என்று ஒப்புக்கொண்டு வழிவிட்டார்.

ஃபாதர் ஓடி வந்தபோது பீடம் ஆயத்தமாக இருந்தது. அன்ரியும் மகளும் முன்வரிசையில் இருந்தார்கள். கணவரின் பெயர் வாசிக்கப்பட்டபோது மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் பின்சுவரோடு நின்று பூசை முழுவதும் அன்ரியையே கவனித்தார். காணிக்கை நேரத்தில் அன்ரி இருமினார். தலைவர் இரண்டு வரிசை தாண்டி முன்னால் வந்துவிட்டார். கடைசிப் பாட்டின்போது பட்மின்ரன்காரர் ராக்கெட்டுகளோடு கதவடியில் மரியாதையாகக் காத்து நின்றார்கள்.

சாப்பாட்டின் பின் மகளை விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். அன்ரி தனியாக அஜக்ஸுக்குத் திரும்பினார்.

இந்த விதிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் காலை முதல் வேலையாக, தேநீருக்கும் முன்னால், அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"இன்னும் இருக்கிறன், தம்பி" என்றார், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே. "உங்கட தலைவர் இப்பத்தான் போன் எடுத்துக் கேட்டிட்டு வைச்சவர்."