யாருக்குப் போட்ட பாட்டு

முதலில் பாட்டு வராது. பலாமரக் கொப்பில் கட்டிய ஸ்பீக்கர் குழாயிலிருந்து கரகரவென்று ஓர் இரைச்சல் கிளம்பும், யாரோ மைக்கில் ஊதிப் பார்ப்பார்கள், மூடுபனிக்குள் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயமும் கீழ் லயமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அதன் பிறகுதான் பாட்டு. கண்டி நகரில் படித்துக்கொண்டிருந்த நான், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்ட சத்தம் அது.

அங்கே "பாட்டுப் போடுவது" என்றால் ஒருவருக்கு ஒன்றைச் சொல்வது என்று பொருள். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ ஒலிபெருக்கி "செட்" வந்து இறங்கிவிட்டால், தண்ணீர் பிடிக்கும் பீலியில் சண்டை பிடித்தவளுக்கு ஒரு பாட்டு, முறை மாமனுக்குக் கேலியாக ஒரு பாட்டு என்று செட்காரரிடம் ஆள்மேல் ஆள் சொல்லியனுப்புவார்கள். "எனக்குத்தான் போடுறா, தெரியாதாக்கும்!" என்று ஒருத்தி வாசலில் நின்று கத்தினால், "ஒனக்கு வேற பாட்டு இருக்குடி, இரு, வருது" என்று அடுத்த காம்பரா வீட்டிலிருந்து பதில் வரும். எழுதியவரும் பாடியவரும் எங்கோ இருக்க, பாட்டின் பொருளை லயத்து மக்களே தீர்மானித்தார்கள்.

என் சித்தி செல்வராணியின் கல்யாணம் இந்த வழக்கத்தில்தான் சிக்கிக்கொண்டது. ஆண்டை யாரும் குறித்து வைக்கவில்லை. பலரிடம் விசாரித்ததில், நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய ஆண்டின் ஆவணி மாதம் என்பது வரை வர முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, ஓர் ஆண்குரல் உருகி உருகிப் பாடும் பிரிவுப் பாட்டு ஒன்று குழாயில் வந்தது. பிரிகிறவளைப் பார்த்து, பிரிந்தாலும் என்னை மறந்துவிடாதே என்று கெஞ்சும் பாட்டு.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. மாப்பிள்ளையின் அக்கா இலையைவிட்டு எழுந்தார்.

"இது யாரு யாருக்குப் போட்ட பாட்டு? கல்யாண வீட்டுல போடுற பாட்டா இது? பொண்ணுக்கு முந்தி யாரும் இருந்தானா, அத மொதல்ல சொல்லுங்க."

சித்தி மணவறையில் குனிந்து அழுதுகொண்டிருந்தார். அந்தக் கண்ணீரையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கையைக் கழுவிவிட்டு வேனைத் திருப்பச் சொன்னார். என் மாமா ஓடிப்போய்ச் செட்காரரின் சட்டையைப் பிடிக்க, "கேசட் மாறிப்போச்சுங்க, என் தப்புதாங்க" என்று அவர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். கடைசியில் மாப்பிள்ளைதான், "தாலி கட்டியாச்சு. எல்லாரும் ஒக்காந்து சாப்புடுங்க" என்றார். உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பந்தலில் பாட்டே போடவில்லை.

சித்தப்பா நல்ல மனிதர், குடித்ததில்லை, அடித்ததில்லை. ஆனால் சித்தியை அவருடைய பிறந்த தோட்டத்துக்குத் தனியாக ஒருநாளும் அனுப்பியதில்லை. வானொலியில் செய்தி முடிந்ததும் எழுந்துபோய் அணைத்துவிடுவார். என்ன காரணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை.

கடந்த ஆண்டு சித்தப்பா காலமானார். பிலிமத்தலாவையில் மகள் வீட்டில் இருக்கும் சித்தியிடம், குடும்ப விவரங்களைத் திரட்டுகிற துணிச்சலில், அன்று நடந்ததைக் கேட்டேன்.

"கேசட்டு ஒண்ணும் மாறல. நாந்தான் போடச் சொன்னேன். அந்த ஆளு பாவம், என்னையக் காட்டிக் குடுக்காம பழிய வாங்கிக்கிட்டாரு."

"யாருக்கு சித்தி?"

"எங்க கொழுந்துக் கூட்டத்துக்கு. தோட்டத்துல பேரு பதிஞ்சு வேலைக்கு எறங்குன நாளுலருந்து பக்கத்துப் பக்கத்து நெரையில நின்னு கொழுந்து பறிச்சவளுக. விடிஞ்சா அவளுக மொகத்தப் பாக்க முடியாது. வாயால சொல்ல வரல, பாட்டாப் போடச் சொன்னேன்."

"சித்தப்பாகிட்ட இதச் சொல்லலயா?"

"சொன்னேனே. ஆம்பள பாடுற பாட்டு பொம்பளைகளுக்கு எப்பிடி ஆகும்னாரு."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: பாட்டு வந்ததும் பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழுதார்கள். தங்களுக்கு வந்த பாட்டு என்று அவர்கள் முதல் அடியிலேயே புரிந்துகொண்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மட்டுமல்ல, சித்திக்காகப் பரிந்து பேசிய நாங்களும் அந்தப் பாட்டுக்குள் ஓர் ஆணைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

இன்று மரத்தில் குழாய் கட்டுவாரில்லை. கல்யாணங்கள் மண்டபங்களுக்குப் போய்விட்டன. அங்கே அதிரும் பாட்டு யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. அந்த நிரைகள் பலவற்றில் தேயிலை மரமாக வளர்ந்து காடாகிக் கிடக்கிறது. சித்தியைத் தவிர அந்தக் கூட்டத்தில் இப்போது உயிரோடு இருப்பவர் ராசாத்தி என்ற ஒருவர்தான். அடுத்த முறை சித்தியைப் பார்க்கப் போனபோது அவருடைய தொலைபேசி எண்ணை எப்படியோ தேடி எடுத்திருந்தேன். பாட்டும் கைபேசியில் கிடைத்தது. "இப்பவே அனுப்பட்டா சித்தி? கடைசி வரைக்கும் கேக்கட்டும்" என்றேன்.

சித்தி கைபேசியை வாங்கி, ராசாத்தியின் பெயரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்யா. அவ வீட்டுக்காரரு இன்னும் இருக்காரு."