தகரத் துறவியின் மூச்சு

மேவிஸ் ஹன்னாஃபோர்டின் வேலையே அழிப்பதுதான். லண்டனில், நாட்டின் பொது ஒளிபரப்பு நிலையத்தில், காட்டி முடித்த நிகழ்ச்சிகளின் நாடாக்களைக் காந்தப் பெட்டிமேல் வைத்து மெல்லச் சுழற்றி எடுப்பாள். பாட்டும் சிரிப்பும் போய் வெறும் நாடா மிஞ்சும். அடுத்த நிகழ்ச்சியை அதிலேயே பதிவார்கள். நாடா விலை அதிகமாக இருந்த காலம். காட்டியதையே மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று, ஆக்டனில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த நாங்களும் நினைத்தோம்.

அவள் கணவன் வில்ஃப் அதே நிலையத்தின் விண்வெளித் தொடரில் குரல் கொடுத்தான். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பிள்ளைகளைச் சோபாவுக்குப் பின்னால் ஒளியவைத்த, தகரத் துறவிகள் என்ற இயந்திர வில்லன்களின் குரல் அவனுடையது. ஒரு கருவி அதை அரைத்து மனிதச் சாயலே இல்லாமல் ஆக்கிவிடும். துறவிகளுக்கு நுரையீரல் கிடையாது, மூச்சுச் சத்தமே கேட்கக் கூடாது என்பது இயக்குநரின் கண்டிப்பு. வில்ஃபுக்கோ குத்துச்சண்டையில் உடைந்த மூக்கு. எவ்வளவு அடக்கினாலும், பேசுவதற்கு முன் மெல்லிய விசில் ஒன்று வந்துவிடும்.

ஒருநாள் அந்தத் தொடரின் நாடாக்கள் அவள் மேசைக்கே வந்தன. மதியம் கேன்டீனில் அவனிடம் சொன்னாள்.

"நல்லா தேய்ச்சு அழிடி," என்றான் வில்ஃப், வாய் நிறைய சாப்பாட்டோடு. "அப்பதான் பழசைப் போடாம, புதுசா எடுக்க மறுபடியும் என்னையே கூப்பிடுவாங்க."

"உன் குறட்டையையும் இப்படி அழிக்க முடிஞ்சா நல்லா இருக்கும்."

சிரித்துக்கொண்டே போய் அழித்தாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே மாரடைப்பு வில்ஃபைக் கொண்டுபோனது. அவன் கோட்டு இருந்தது, புகைப்படங்கள் இருந்தன. குரல் மட்டும் எங்கும் இல்லை. வருடங்கள் போகப் போக அவளுக்கு அது நினைவிலிருந்தும் நழுவியது. ஒவ்வொரு நாடாவையும் காந்தத்தின்மேல் வைக்கும்போது உள்ளே யாரோ பேச்சைப் பாதியில் நிறுத்துவதுபோல் இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். வேறு வேலை கேட்டாள், கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அழித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் அந்தத் தொடரின்மேல் பைத்தியமான ரசிகர்கள் பெருகினார்கள். அழிந்த பகுதிகளைத் தேடி அலைந்தார்கள். ஈலிங்கில் பஸ் ஓட்டும் டெஸ்மண்ட் பிளைத், சின்ன வயதில் டிவி முன்னால் மைக்கைப் பிடித்து ஒலியை மட்டும் பதிந்து வைத்திருப்பதாகப் பத்திரிகையில் வந்தது. ஒரு ஞாயிறு மதியம் மேவிஸ் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள்.

டெஸ்மண்ட் கேசட்டை ஓடவிட்டார். இரைச்சல், யாரோ தேநீர்க் கோப்பை வைக்கும் ஓசை, தூரத்தில் நாய். பிறகு தகரத் துறவி பேசியது.

மேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது என் வில்ஃப் இல்ல. வெறும் மிஷின்."

டெஸ்மண்ட் சங்கடத்தோடு நிறுத்தப் போனார். அடுத்த வசனத்துக்கு முன், மெல்லியதாக ஒரு விசில். அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கேசட்ல இருக்கிற கோளாறு, மேடம். ரொம்ப நாளா அதை எடுக்கத்தான் பார்க்கிறேன். சுத்தமா அழிச்சு உங்களுக்கு ஒரு பிரதி தர்றேன்."

"அழிக்காதீங்க," என்றாள் மேவிஸ். பிடித்த கையை அவள் விடவில்லை. "பேச்செல்லாம் எனக்கு வேணாம். அதை மட்டும் குடுங்க."

இப்போதெல்லாம் சில மாலைகளில் சுவருக்கு அப்பால் அந்த விசில் கேட்கும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கெட்டில் கொதிக்கிறது என்று நினைப்பார்கள். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். யாரோ வாய் திறக்கப் போவதுபோல் இருக்கும். அதற்குள் அவள் நிறுத்திவிடுவாள். பின்னோக்கிச் சுற்றும் சத்தம் வரும். மறுபடியும் அந்த மூச்சு.