சிவப்புக் குளிர்ச்சட்டை

என் பழைய பெட்டியைத் திறந்ததும் எழுந்த அந்துருண்டை வாசம், மலேசியாவின் ஜொகூர் பாருவில், பணக்காரர்கள் வாழும் கடலோரத்தில் முன்பு இருந்த செயற்கைப் பனிவீட்டுக்கே என்னை இழுத்துப் போனது. பனி பார்க்க வருகிறவர்களுக்குக் குளிர்ச்சட்டை கொடுத்து வாங்கும் வேலை அம்மாவுக்கு. பள்ளி விடுமுறைகளில் நான் அவள் முதுகுக்குப் பின்னால், ஊரார் வேர்வை மணக்கும் ஈரச்சட்டைகளுக்கு நடுவே, குளிர் இயந்திரத்தின் முனகலைக் கேட்டபடி கிடப்பேன். எல்லாச் சட்டையும் கொக்கிக்குத் திரும்பினால்தான் உள்ளே ஆளில்லை என்று பொருள். அதன் பிறகே விளக்கை அணைப்பாள்.

ஒருநாள் குழந்தைகள் அளவுச் சிவப்புச் சட்டை ஒன்று திரும்பவில்லை. யாரோ கொண்டுபோயிருப்பார்கள் என்றார் மேலாளர். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. அந்தக் காலிக் கொக்கியைப் பார்த்துவிட்டு, மாலைதோறும் பனிக்குள் நடந்துபோய், மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை கூப்பிடுவாள்:

"வெளிய வந்துரு பாப்பா, லைட்ட அடைக்கப் போறேன்."

முதலில் அடிக்குப் பயந்து நான் உண்மையைச் சொல்லவில்லை. பிறகு அந்தக் குரலுக்கே பயந்தேன். பனிவீடு இடிந்து அடுக்குமாடி வந்துவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். பெட்டியின் அடியில், நான் அன்று ஒளித்து வைத்த சிவப்புச் சட்டை மடித்தபடியே இருக்கிறது.

அறை விளக்கை அணைக்க எனக்குக் கை வரவில்லை.