சொட்டுக்காரரின் சுத்தம்

குடியிருப்பின் நான்கு மாடிக் கட்டடங்கள் ஆறுக்கும் லிஃப்ட் மெக்கானிக் அவர் ஒருவர்தான். வேலையில் கை நிறைய கிரீஸ். வீட்டுக்குள் நுழைந்துவிட்டாலோ அதே கையில் ரப்பர் மூடி போட்ட ஒரு கண்மருந்துச் சொட்டுக்குழாய். மனைவி கேலியாக 'சொட்டு' என்று கூப்பிடப்போக, அந்தப் பெயர் மாடிக்கு மாடி ஏறி இறங்கி நிலைத்துவிட்டது.

மனுஷனுக்கு ஒரே பித்து. இலையின் பச்சைக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, சாற்றைச் சாக்பீஸில் ஏறவிட்டால் அது தனியே பிரிந்து வரும் என்று எங்கோ படித்துவிட்டார். அதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். சமையலறை ஜன்னலோர அலமாரித் தட்டை எட்டு மாதமாகப் பிடித்து வைத்திருக்கிறார். இதுவரை கண்டதெல்லாம் பச்சைச் சேறுதான்.

சாறெடுக்க அசிட்டோன் என்ற கரைப்பான், அதுவும் சுத்தமாக வேண்டுமே, அதற்கு எங்கே போவது? ரசாயனக் கடையில் லைசென்ஸ் கேட்டார்கள். இன்னொரு கடையில் கம்பெனிக் கடிதம் கேட்டு, ஏற இறங்கப் பார்த்தார்கள். நகப்பூச்சு அழிக்கும் ரோஸ் திரவத்தை வாங்கிவந்தால் அதில் எண்ணெயும் வாசனையும்தான் கொட்டிக் கிடந்தன. எது வந்தாலும் அவரிடம் ஒரு சோதனை உண்டு. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விடுவார். காய்ந்தபின் தடமே இருக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் மங்கலாக ஒரு வட்டம் நிற்கும்.

அதைப் பார்த்து மனைவி, "சுத்தம்!" என்பார். விளங்கினாற்போலத்தான் என்று அர்த்தம்.

போன வாரம் கெடுவும் வைத்துவிட்டார். "இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் தட்டு என் டப்பாவுக்கு."

ஞாயிறு காலையில் சொட்டு ஓட்டமும் நடையுமாக ஓர் அழகு நிலையத்துக்குள் நுழைந்தார். ஒட்டுநகம் கழற்ற அங்கே கலப்பில்லாத அசிட்டோன் இருக்கிறதாம்.

"யாருக்கு சார் நகம்?" என்றாள் கடைப்பெண்.

"இலைக்கு!"

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு சின்ன பாட்டில் கிடைத்தது. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்தார். அடுப்பை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், சொட்டுக்குழாயால் ஒரு சொட்டு விட்டார். காய்ந்தது. அதே வட்டம்! மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவி இரண்டு டப்பாக்களோடு தயாராக நின்றார். ஆனால் அவர் சட்டை தைக்கும் ஆலையில் பதினாறு வருஷமாகச் சட்டைகளைச் சோதித்துக் குறையுள்ளவற்றைக் கழிப்பவர். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்க, ரோஸ் பாட்டிலுக்கும் இதே வட்டம்தானே?"

"ஆமா."

"பத்து மெஷின்ல தச்ச பத்துச் சட்டையிலயும் ஒரே கறைன்னா, நாங்க மெஷினைத் திட்டமாட்டோம். மேஜையைத்தான் பார்ப்போம். எல்லாத்துக்கும் பொதுவா இங்க என்ன இருக்கு?"

சொட்டு தன் கையைப் பார்த்தார். சொட்டுக்குழாய்! எடுத்ததும் அதைத் தலைகீழாகப் பிடிப்பது அவர் பழக்கம். ஒவ்வொரு முறையும் திரவம் ரப்பர் மூடிக்குள் இறங்கி, ரப்பரைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. நல்லதையும் அவரே கெடுத்துவிட்டு ஊரிலுள்ள கடைகளையெல்லாம் திட்டியிருக்கிறார்.

மனைவி டப்பாக்களைக் கீழே வைத்தார். எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றைக் கழுவித் துடைத்து, வேறொரு கண்ணாடியில் தானே ஒரு துளி விட்டார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். காய்ந்தது. கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.

"சுத்தம்!" என்று கத்தினார் சொட்டு.

"ஐயோ, இதுவும் போச்சா?"

"போகலம்மா! நெசமாவே சுத்தம்!"

ஸ்பூனாலேயே அளந்து இலைச் சாறெடுத்தார்கள். சாக்பீஸை நிறுத்தினார்கள். பச்சை ஏறியது, நின்றது. அதற்கு மேலே, மெல்லிய கோடாக, மஞ்சள் கிளம்பியது. எட்டு மாத மஞ்சள்! அவர் சின்னப் பிள்ளையாய்க் குதித்தார். மனைவி குதிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் நின்றார்.

பிறகு டப்பாக்களைக் காலாலேயே மேஜைக்கடியில் தள்ளினார்.

"தட்டுல பாதி எனக்கு," என்றார். "டப்பாவுக்கு இல்ல. வாசல் தொட்டியில செவப்பு இலை இருக்கில்ல, அதுல ரெண்டு பறிச்சிட்டு வாங்க."