வில் முறையும் வீங்கிய விரல்களும்

எனக்கு நாற்பத்திரண்டு வயது நடக்கும்போது என் வலது கை என் பேச்சைக் கேட்காமல் போயிற்று. சட்டைப் பொத்தானில் ஆரம்பித்தது. பிறகு வேட்டி முடிச்சு, பிறகு தண்ணீர்ச் சொம்பு. விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கிவிட்டன. காலையில் எழுந்தால், மடங்கிய விரல் நிமிராது. நிமிர்ந்த விரல் மடங்காது. வெயில் ஏறிப் பத்து மணி ஆனால்தான் கொஞ்சம் இரங்கி வரும். அதுவரைக்கும் அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை ஒழுங்காகக் கும்பிடக்கூட முடியாது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கிப் போட்டு, முழங்கை நீளக் கத்திரியால் நாள் முழுக்க வெட்டுவது என் வேலை. கம்பெனியில் நான் கைவலியை மறைக்கவில்லை. அங்கே ஆளுக்கொரு வலி. தைப்பவருக்கு இடுப்பு, மடிப்பவருக்குக் கழுத்து, முதலாளிக்கு எங்களைப் பார்த்தால் தலை. குன்னத்தூர் ரோட்டில் ஏழு மைல் தள்ளி இருந்த என் ஊரில்தான் மறைத்தேன். காரணம், வில்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் விஜயதசமி சாயங்காலம் அம்பு போடுவார்கள். அம்மன் குதிரை வாகனத்தில் ஊர் எல்லைக்கு வருவாள். அங்கே ஒரு வாழை மரம் நட்டு வைத்திருப்பார்கள். அன்றைக்கு அதுதான் அசுரன். இருபது காலடி தள்ளி நின்று, அம்மன் சார்பில் ஒருவர் அம்பு விட வேண்டும். அம்பு தைத்ததும் சனம் பாய்ந்து மரத்தைப் பிய்த்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகையில் கட்டுவார்கள். அந்த வில் எங்கள் வீட்டு முறை. அதைப் பொம்மை வில் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆள் உயர மூங்கில், முறுக்கிய பருத்தி நாண், அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் செய்த பித்தளை முனை வைத்த அம்பு. நாணைக் காதுவரை இழுக்க மூன்று விரல் வேண்டும். என் கையில் மற்றதைவிட மோசமாகக் கெட்டுப்போனது சரியாக அந்த மூன்றும்தான்.

அம்பு ஒருமுறை தவறினால் போதும், முறை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அடுத்த பங்காளி என் சித்தப்பா மகன். என்னைவிட ஒரு வயது சின்னவன், தோட்டங்காடு பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தான். ஊரில் எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் நான் துணி வெட்டுகிறவன். மிச்சம் ஒரு நாள் தலைப்பாகை கட்டி, கையில் மஞ்சள் காப்புக் கட்டி, கலெக்டர் மாதிரி நடப்பேன். ஊர்க்கவுண்டரே எனக்கு வழி விடுவார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதில் பக்தி கால்வாசி, பந்தா முக்கால்வாசி. அதை அவனிடம் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

மறைப்பது சுலபமாக இல்லை. சைக்கிள் பிரேக்கைப் பிடிக்க விரல் வராது. ஊருக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில், செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துவேன்.

"நடந்து போறவங்க செருப்பே ஆறு மாசம் வருது. சைக்கிள்ல போற உங்களுக்கு மாசம் ஒரு சோடி தேயுதுங்க," என்றாள் என் மனைவி.

அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். தெரிந்த நாளிலிருந்து வைத்தியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம், உப்பைத் துணியில் கட்டிச் சூடு, அதற்குமேல் முடக்கத்தான் தோசை. ஒரு மண்டலம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒருவனுக்குத் தனி மாவு ஆட்ட முடியாது என்பதால் நாற்பத்தெட்டு நாளும் வீடே பச்சைத் தோசை தின்றது. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் பாசம் குறைந்துகொண்டே வந்தது. என் வலி குறைந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் மற்ற யாருக்கும் மூட்டுவலி வரவில்லை.

அப்புறம் திருப்பூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஒவ்வொரு கணுவாக அமுக்கி வலிக்கிறதா என்று கேட்டார். நான் போட்ட கூச்சலைப் பதிலாக எடுத்துக்கொண்டு, மூட்டு வாதம் என்றார். ஒரேயடியாகப் போகாது, மாத்திரையில் கட்டுப்படுத்தி வைக்கலாம், கனமாக எதையும் இழுக்கக் கூடாது என்றார்.

"வில்லு இழுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"என்ன இழுக்கறது?"

"வில்லுங்க. அம்பு விடறதுக்கு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். என் கண் இமையை விரித்துப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "ராத்திரி நல்லாத் தூங்கறாரா? பேச்செல்லாம் சரியா இருக்குதா?" என்றார்.

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க," என்றாள் அவள்.

இதற்கிடையில் சித்தப்பா மகனின் வரத்து ஆரம்பித்தது. அதுவரை கல்யாணம், எழவு தவிர எங்கள் வீட்டுப் படி ஏறாதவன், ஆவணி பிறந்ததிலிருந்து வாராவாரம் வந்தான். தோளில் கிடக்கும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பவ்யமாக உட்காருவான். காப்பி கொடுத்தால் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தீர்த்தம் மாதிரி ஏந்திக் குடிப்பான். குடித்து முடித்ததும் ஒரே கேள்விதான்.

"கையி எப்படீங்ணா இருக்குது?"

"என்ற கைக்கு என்னப்பா? நல்லாத்தான் இருக்குது."

"நல்லா இருந்தாச் சரீங்ணா. நல்லா இருக்கோணும்."

அவன் போனதும் எனக்கு ரத்தம் கொதிக்கும். மாடு எப்போது சாகும் என்று பார்த்துப்போக வருகிறான், அதிலும் என்ன நடிப்பு, என்ன பணிவு என்று மனைவியிடம் கத்துவேன். அவள் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டே, கத்தினால் கை நேராகுமா என்று கேட்பாள்.

புரட்டாசி முதல் தேதி பயிற்சி ஆரம்பிப்பது என் வழக்கம். கோயில் வில்லைத் தொடக் கூடாது என்பதால் அதே கனத்தில் வீட்டில் ஒரு வில் உண்டு. சாக்கில் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டை அடைத்து, புறக்கடை வேப்பமரத்தில் தொங்கவிட்டு அடிப்பேன். அந்த வருடம் முதல் அம்பு பத்து அடி போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் கோழி ஒன்று வந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டு, தின்பதற்கு ஒன்றுமில்லை என்று போய்விட்டது.

"அசுரனே எட்டு வெச்சுக் கிட்ட வந்தாத்தானுங்க உண்டு," என்றாள் மனைவி.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் அழுதேன்.

வழி சொன்னவர் கம்பெனியில் என் டேபிளுக்கு எதிரே தைத்துக்கொண்டிருந்த பாய். பதினைந்து வருடப் பழக்கம். நான் வெட்டுவதில் கோணல் இருந்தால் தையலிலேயே சரிசெய்து, ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார். என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரலு மடங்கலீன்னா எதுக்குங்க மாஸ்டர் அதக் கெஞ்சிட்டு? மணிக்கட்டு நல்லாத்தான இருக்குது. அதுல இழுங்க."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தைத்து முடித்தார். பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் இரண்டு மடிப்பாக ஒரு கை உறை. அது மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்கும். உள்ளங்கைப் பக்கம் கெட்டித் தோலில் ஒரு கொக்கி. நாணை அதில் மாட்டி இழுத்தால் பாரமெல்லாம் மணிக்கட்டுக்குப் போய்விடும். விடும்போது கையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், நாண் நழுவிவிடும். மறுநாள் என் மூன்றாவது அம்பு சாக்கின் நடுவில் தைத்தது. கோழி கத்திக்கொண்டு ஓடியது. எனக்கு அந்த பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். உறை பளீரென்று வெள்ளையாக இருந்தது. விஜயதசமி அன்று அதைப் போட்டுக்கொண்டு நின்றால் ஊரே கேட்கும். மனைவிக்கு ஒரு யோசனை. கையில் எப்படியும் மஞ்சள் காப்புக் கட்டத்தானே போகிறேன், உறையையும் மஞ்சளில் நனைத்துவிட்டால் காப்புத் துணி என்று நினைத்துக்கொள்வார்கள். பிரமாதம் என்றேன். முந்தின நாள் காலையில் மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, கொடியில் தொங்கவிட்டாள்.

இருபது வருடம் பனியன் துணி வெட்டியவன் நான். தண்ணீரில் ஊறிய ரிப் துணியைக் கனத்தோடு தொங்கவிட்டால் நீண்டு, பிடி விட்டுப்போகும் என்பது கம்பெனியில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நிறம் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

சாயங்காலம் தலைப்பாகையோடு எல்லையில் நின்றேன். அம்மன் வந்துவிட்டாள். மேளம் நின்றது. வில்லைத் தூக்கி, நாணைக் கொக்கியில் மாட்டி இழுத்தேன். காதுவரை வந்தது. கையைச் சாய்த்தேன். அம்பு போயிற்று. அதோடு என் கை உறையும் போயிற்று. மணிக்கட்டிலிருந்து உருவிக்கொண்டு, அம்பின் வாலில் சிக்கி, இருபது காலடியும் பறந்துபோய், வாழை மரத்தில் தைத்த அம்பில் மஞ்சளாகத் தொங்கி ஆடியது.

நான் என் வீங்கிய விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டேன். முடிந்தது, கை கெட்டது ஊருக்குத் தெரிந்துவிட்டது, நாளைக்குக் காலையில் முறை போய்விடும் என்று நினைத்தேன். அப்போது பூசாரி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"ஆத்தா காப்ப வாங்கிக்கிட்டா! அவளே கழட்டிக்கிட்டா!"

சனம் பாய்ந்தது. அந்த வருடம் வாழையைவிட உறைக்குத்தான் அடிதடி. பாய் நெருக்கமாகப் போட்ட தையலைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தார்கள். கிடைத்த நூலைப் பிள்ளைகள் கையில் கட்டிவிட்டார்கள். பாயிடம் இதைச் சொன்னபோது, தன் தையலுக்கு இதுவரை இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை என்றார்.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் மரத்தின் பக்கம் ஓடவில்லை. சித்தப்பா மகன் என் அக்குளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். முறையைக் கேட்க வந்துவிட்டான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பி வந்தது. அவன் அதைத் தொடாமல், கையில் சுற்றியிருந்த துண்டை மெதுவாகப் பிரித்தான். இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான். என் வலது கையை யாரோ கழற்றி அவனுடைய இரண்டு கையிலும் மாட்டிவிட்டது போல இருந்தது. அதே கணுக்கள், அதே வீக்கம், அதே கோணல்.

"ரெண்டு வருசமாச்சுங்ணா. பாலு கறக்க முடியறதில்லீங். சட்டைக்கு ஊட்டுக்காரிதான் பொத்தான் போட்டுடறா. நீங்க வில்ல விட்டா என்ற தலைலதான வந்து உழுகும்? எறக்கத்துல நீங்க பிரேக்கப் புடிக்காமச் செருப்பத் தேச்சு நிறுத்தறதப் பாத்ததும் பயம் வந்துருச்சுங்ணா, அதுலதான் வாராவாரம் வந்து கேட்டனுங்க. உங்க கையி நல்லா இருக்கோணும்னு வெள்ளிக்கெழம தவறாம ஆத்தாளுக்கு வெளக்குப் போட்டனுங்க."

அவன் டம்ளரை ஏந்திக் குடித்ததை நடிப்பு என்று இத்தனை நாள் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதையும் மீறிச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்க, அவன் சிரிக்க, உள்ளேயிருந்து வந்த என் மனைவி நாலு கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "முடக்கத்தான் இன்னம் கொஞ்சம் கெடக்குது. தோச ஊத்தட்டுங்களா?" என்றாள்.

"அந்த மஞ்சத் துணி எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுக்கச் சொல்லுங்ணா," என்றான் அவன். "பாலு கறக்கறதுக்கு."

அடுத்த வருடம் வலி இடது கைக்கும் பரவி, என் மணிக்கட்டும் கைவிட்டது. உறையிலும் இழுக்க முடியவில்லை. அவன் நிலையும் அப்படித்தான். விஜயதசமி அன்று பூசாரி முதலில் கேட்டது மஞ்சள் துணியைத்தான். அது அம்பில் இல்லாமல் அம்பு போடக் கூடாது, ஆதியிலிருந்து வருகிற வழக்கம் என்றார். ஒரு வருடத்தில் ஆதி வந்துவிட்டது. பாய் தைத்துக் கொடுத்த புது உறையை அம்பின் வாலில் கட்டினோம். நான் வில்லுக்கு முன்னால் போய் நின்றேன். அவனும் வந்து என் பக்கத்தில் நின்றான்.

பூசாரிக்குத் திகைப்பு. "ரெண்டு பேரு எதுக்குங்க? முறை ஒருத்தருக்குத்தான?"

"முறை ஊட்டுக்குத்தானுங்க சாமி," என்றான் அவன். "ஊட்டுல ரெண்டு பேரு இருக்கறோம்."

என் முதுகோடு ஒட்டி நின்று, அவன் கைகளை என் கைகளுக்கு மேல் வைத்தான். இரண்டு பேருக்குமே வலித்தது. அவன் மூச்சு என் காதில் பட்டது. எதைக் கொடுக்கக் கூடாது என்று வருடக்கணக்கில் பதுக்கினேனோ, அதில் அவன் பாதியைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு உடம்பே லேசானது. காலையில்தான் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிப் பார்த்திருந்தோம். எங்கள் நாலு கையிலும் சேர்த்து உருப்படியான விரல் ஏழு. வில்லைப் பிடிக்க நாலு, நாணுக்கு மூன்று.