சிவப்பு எச்சரிக்கையும் சித்தியும்

காற்றுக்காகவும் பள்ளிக்கூடம் பூட்டுவார்கள் என்பது எட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை இத்தாலியில் நாங்கள் இருந்த பலெர்மோ நகரில் கடும்புயல் அடிக்கும், கடலோரத்தில் சுழல்காற்றும் உருவாகலாம் என்று முதல்நாளே கைப்பேசியில் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது. சிவப்பென்றால் ஆபத்து, மஞ்சளென்றால் கவனம், பச்சையென்றால் ஒன்றுமில்லை.

அந்த வெள்ளி இரவுதான் நாப்போலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கப்பலேறுவதாக இருந்தது. சனிக்கிழமை சித்திக்கு நிச்சயதார்த்தம். சித்தி அம்மாவின் தங்கை. மன்னாரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பலெர்மோவில் சீசா என்ற பகுதியிலிருந்த எங்கள் வீட்டில்தான் இருந்தார். இத்தாலிய மொழி வாசிக்க வராது. ஆகவே வானிலை அறிக்கை வாசித்துச் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

"இப்ப என்ன போட்டிருக்கு, பிள்ளை?"

"சுழல்காத்து வரலாமாம், சித்தி."

"வரலாமெண்டால்? வருமோ, வராதோ?"

எனக்கும் அது விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். இங்கே காற்று வந்தாலும் வராவிட்டாலும் அறிக்கை சரியாகிவிடும் போலிருந்தது.

வெள்ளி காலை நல்ல வெயில். எதிர்வீட்டில் காயப்போட்ட உடுப்புகள் அசையவேயில்லை. "சும்மா வெருட்டுகினம்" என்றபடி அம்மா விருந்துப் பலகாரத்துக்கு ரோல்ஸ் சுற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் தம்பியையும் சித்தியையும் முழங்காலில் இருத்தி, காற்று வரக்கூடாதென்று செபமாலை சொல்லவைத்தார். நாங்கள் எழும்பிய பிறகும் சித்தி எழும்பவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவுமில்லை. பாவம், எங்கள் எல்லோரையும்விடச் சித்திக்குத்தான் பயம் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. யன்னல்கள் படபடவென்று அடித்தன. தெருவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. எங்கிருந்தோ ஒரு தகரம் பறந்து வந்து விழுந்தது. நான் மேசைக்குக் கீழே புகுந்துகொண்டேன்.

அப்பா வேலையிடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "கப்பல் வெளிக்கிடாதாம்" என்று சொல்லிவிட்டு அம்மா, பொரித்து வைத்த ரோல்ஸ் தட்டுக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டார்.

சித்தி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். பிறகு இன்னொன்று. குனிந்து எனக்கும் ஒன்று நீட்டினார். "பயப்பிடாதை. நல்ல காத்து."

அத்தனை நேரம் காற்றுக்குப் பயந்தவருக்குக் காற்று வந்ததும் எப்படிப் பயம் போனது? கேட்பதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வெளிக்கிட்டார்கள். இந்த முறை எல்லாம் பச்சை. ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன்.

"வடிவாப் பார். எங்கையாவது ஒரு மஞ்சளெண்டாலும் இருக்கோ?"

மணித்தியாலம் மணித்தியாலமாகப் பார்த்தேன். "ஒண்டுமில்லை, சித்தி. காத்தே இல்லையாம். பயப்பிடாதேங்கோ."

"ஓம்" என்றார். கைப்பேசியை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் நேரத்துக்கு வந்தது. நிச்சயமும் நடந்தது, கோடையில் கலியாணமும் நடந்தது. அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று சித்தியிடம் வீட்டில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை. நிச்சயதார்த்தப் படத்தில் சித்திக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பவள் நான்தான். சித்திக்கு நல்ல செய்தி சொன்னவள் என்ற பெருமை எனக்கு.